பாதித் தண்ணீரில் நிற்கும் ஆட்டம்

மச்சானிடம் நேராகச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அக்காவை விட்டுச் சொல்ல வைத்தாகிவிட்டது. பங்குச் சாமியாரிடம் சொல்லி, அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டார். மச்சான் எல்லாருக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார். மறுநாள் கடலுக்குப் போய், எப்போதும் போல அடியிலிருந்து விறுவிறுவென்று மேலே வந்தார்.

மச்சான் என் அக்காவின் கணவர். தூத்துக்குடிக் கரையிலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர். கம்ப்ரசரிலிருந்து வரும் டியூப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பில் ஈயம் கட்டி, கடலடியில் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் சங்கைப் பொறுக்கி வலைப்பையில் போட்டு மேலே கொண்டு வர வேண்டும். நானும் அதே படகில் அந்த வேலை பார்த்தவன்தான். ஒரு நாள் அவசரமாக மேலே வந்தேன். படகில் ஏறி டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே இடது கால் என்னுடையது இல்லை என்பது போல ஆகிவிட்டது. ஆழத்திலிருந்து வேகமாக ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக் கை காலை முடக்கிவிடும், ஆளையே கொண்டுபோனாலும் போகும், பாதியில் நின்று நின்றுதான் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் வரைந்து காட்டினார். கால் பெருமளவு திரும்பி வந்தது. வராத மிச்சத்தை இழுத்துக்கொண்டு நடக்கிறேன். கடலுக்குப் போவது நின்று, ஒரு பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை கிடைத்தது.

இதெல்லாம் மச்சானுக்குத் தெரியாததா? அன்றைக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவரே அவர்தான். ஆனாலும் நிற்கமாட்டார். கேட்டால் ஒரு பதில் வைத்திருந்தார்.

“நடுத்தண்ணில தொங்கிட்டு நிக்க நான் என்ன பல்லியா? கீழ சங்கு இருக்கு. மேல டீ இருக்கு. நடுவுல என்னல இருக்கு?”

உண்மையைச் சொன்னால் நடுவில் ஒன்றும் இல்லை. மேலே பார்த்தாலும் நீலம், கீழே பார்த்தாலும் நீலம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். வேலை செய்து பழகிய உடம்புக்குச் சும்மா நிற்பதைப் போலக் கொடுமை வேறு கிடையாது. எனக்கு அது தெரியும் என்பதால்தான் அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

மச்சான் யார் சொன்னாலும் கேட்கமாட்டார், செல்போன் சொன்னால் கேட்பார். கடலுக்குள் போகும் வழியெல்லாம் படகில் ஒரு பஸ் ஓட்டும் விளையாட்டை விளையாடிக்கொண்டே வருவார். அந்த விளையாட்டில் ஸ்டாப் வந்தால் நிறுத்தி, ஆள் ஏற்றி, கதவு மூடும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். நிஜத்தில் அவர் பைக்கை எதற்கும் நிறுத்திப் பார்த்ததில்லை. அதை நினைத்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. சங்கு குளிக்கிற மாதிரி ஒரு விளையாட்டை நானே செய்து அவர் போனில் ஏற்றிவிட்டால் என்ன? பாதியில் நின்றால்தான் ஜெயிக்கலாம் என்று வைத்துவிட்டால், கை தானாகப் பழகிவிடாதா?

எனக்கு விளையாட்டு செய்யத் தெரியாது. தெரியாதவர்களுக்கென்றே கருவிகள் இருக்கின்றன என்று வீடியோக்கள் சொல்லின. ஒன்றிரண்டு இருந்தால் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊர்ப்பட்டவை இருந்தன. கழித்துக் கட்டியதில் மூன்று மிஞ்சின.

முதலாவது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது. கலர் கலரான கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்ட வைத்தால் பொம்மை நடக்கும், திரும்பும், பேசும். கட்டைகளில் தமிழிலேயே எழுதியிருக்கும். பார்த்த உடனேயே மூடிவிட்டேன். முப்பது வயதைத் தாண்டியவன், தாடி வேறு வைத்திருக்கிறேன், கட்டை அடுக்கிக்கொண்டிருந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? இரண்டாவதில் எதையும் எழுத வேண்டாம். இது நடந்தால் அது நடக்கட்டும் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போகலாம். பாதி செய்து வைத்த விளையாட்டுகளும் கூடவே தருவார்கள். மூன்றாவதில் ஒவ்வொரு வரியும் நாமே எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில். வீடியோவுக்குக் கீழே கருத்து எழுதுகிறவர்கள் எல்லாம் அந்த மூன்றாவதைத்தான் புகழ்ந்தார்கள். மற்ற இரண்டைத் தொடுகிறவன் மனுசனே இல்லை என்கிற மாதிரிப் பேசினார்கள்.

நான் மூன்றாவதில் போய் விழுந்தேன். கௌரவம்தான் காரணம், வேறென்ன. ஒரு வரி கொஞ்சம் தள்ளி ஆரம்பித்திருக்கிறது என்பதற்காக அது என்னை நாள் கணக்கில் அலையவிட்டது. பொம்மை தண்ணீருக்குள் இறங்கவே இல்லை. சரி என்று இரண்டாவதுக்குத் தாவினேன். அது சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததாலேயே சந்தேகம் வந்து, இரண்டையும் ஒப்பிடும் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். எது எடை குறைவு, எதில் செய்த விளையாட்டு பழைய போனில் ஓடும், எது நாளைக்குக் காசு கேட்கும் என்று எனக்கு எல்லாம் அத்துப்படி ஆனது. விளையாட்டு மட்டும் ஆகவில்லை.

சென்டரை நடத்துகிற அண்ணாச்சி உடன்குடிப் பக்கத்துக்காரர். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் நான் என்ன செய்தாலும் கண்டுகொள்ளமாட்டார். ஒரு நாள் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்னடே, தெனமும் இதையேதான் பாக்க. பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு குத்தம் சொல்லுத. எப்ப தாலி கெட்டப் போற?”

“பாத்துத்தான அண்ணாச்சி எடுக்கணும்.”

“பாரு, பாரு” என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் திருந்தவில்லை. ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பது அந்த வேலையைச் செய்வது போலவே இருக்கும். நாள் முழுக்க உழைத்த களைப்பும் வரும், கையில் ஒன்றும் இருக்காது. நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில் எல்லாம் மச்சான் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் மச்சான் தண்ணீர்க் கேனைத் தூக்கப் போனார். பாதிக்கு மேல் கை எழும்பவில்லை. கீழே வைத்துவிட்டு மற்றக் கையால் தூக்கினார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “ராத்திரி கைய மடக்கிப் படுத்துட்டேன்” என்றார். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அந்த வலி எப்படி ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் தோளில் ஒரு குடைச்சல், அது தானாகப் போய்விடும், மறுபடி வரும். எனக்கும் அப்படித்தான் வந்து வந்து போயிற்று.

“ஆஸ்பத்திரிக்குப் போவோம் மச்சான்.”

“வாதக் கைக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? தைலம் இருக்கு.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுக்களையில் அக்கா இடியாப்பத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“என்னமோ செய்யுதேன்னு சொன்னியே. செஞ்சிட்டியா?”

“எதுல செய்யன்னு பாத்துட்டு இருக்கேன்க்கா.”

அவள் திட்டவில்லை. “அதுக்குள்ள அவியளுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா எதுல செஞ்சி என்னல?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் கடற்கரை வீடுகளில் அடுப்புக்குக் கடிகாரம் பார்க்கமாட்டார்கள். முட்டை அவிய இத்தனை மந்திரம், இடியாப்பம் வேகச் செபமாலையில் இத்தனை பத்து என்று கணக்கு. அக்கா அருள் நிறைந்த மரியே மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சும்மா நிற்பது போலத்தான் தெரிந்தது. ஆனால் அவள் சும்மா நிற்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மண்டைக்குள் அதுவே ஓடியது. நடுத்தண்ணீரில் ஒன்றும் இல்லை என்றுதானே மச்சான் சொல்கிறார்? விளையாட்டில் அந்த இடத்தில் ஒரு செபமாலையும் அதில் பத்து மணியும் இருக்கட்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மணியாகத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் மணி நகரக் கூடாது. டாக்டர் சொன்ன நேரத்துக்கு அது முழுக்கப் போதாது என்று எனக்குத் தெரியும். முதலில் மனுசன் நிற்கட்டும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் சென்டர் திறந்ததும் உட்கார்ந்தேன். இந்த முறை எது சிறந்தது என்று பார்க்கவில்லை. எதில் ஒருவனைக் காத்திருக்க வைக்கலாம் என்று மட்டும் பார்த்தேன். இரண்டாவது கருவி கொடுத்த மாதிரி விளையாட்டுகளில் எல்லாரும் ஓடினார்கள், தாவினார்கள், சுட்டார்கள். நிற்கிறவன் ஒருவன்கூட இல்லை. அதைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் இடத்தில் போய்க் கேட்டேன். நின்றுகொண்டிருப்பதை எவன் விளையாடுவான் என்று ஒருவர் பதில் எழுதியிருந்தார். அவர்மேல் தப்பில்லை. அவருக்கு என் மச்சானைத் தெரியாது.

வேறு வழியில்லாமல் முதலாவதைத் திறந்தேன். பிள்ளைகளின் கருவி. இடது பக்கம் வரிசையாகக் கட்டைகள் இருந்தன. நகர், திரும்பு, சொல். கொஞ்சம் கீழே ஆரஞ்சு நிறத்தில், இத்தனை விநாடி காத்திரு என்று ஒரு கட்டை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாடியாவது கௌரவமாவது என்று அதைப் பிடித்து இழுத்து நடுவில் வைத்தேன். அதற்கு மேலும் கீழும் மற்றவை தானாக வந்து சேர்ந்துகொண்டன.

படம் எல்லாம் நானே வரைந்தேன். கடல், படகு, கயிறு, டியூப் கடித்த ஓர் ஆள். ஆள் கீழே போய்ச் சங்கு பொறுக்குவான். பை நிறைந்ததும் கயிற்றைப் பிடித்து ஏறுவான். பாதியில் ஒரு செபமாலை தெரியும். ஒரு மந்திரம் சொல்லும் நேரத்துக்கு ஒரு மணி. முன்னாலேயே தட்டினால் முதல் மணிக்குப் போய்விடும். நிற்காமலே ஏறிவிட்டால் ஆட்டம் முடிந்தது. அந்த முடிவுக்கு ஒரு படம் வேண்டுமே. ரொம்ப யோசிக்கவில்லை. கரையில் ஒருவன் காலை இழுத்து இழுத்து நடந்து போவது போல வரைந்தேன். வரைவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

கடலுக்குள் டவர் கிடைக்காது என்பதால் நெட் இல்லாமலே ஓட வேண்டும். செய்ததை ஒரே கோப்பாகக் கட்டித் தரும் வழி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாளாகப் பார்த்துக் கொண்டுபோய் மச்சான் போனில் போட்டேன்.

மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விளையாடினார். சங்கைப் பார்த்து, “எலி மாதிரி இருக்கு” என்றார். கயிற்றில் நின்றதும் வழக்கம் போல டப டப என்று தட்டினார். மணி நகரவில்லை. மறுபடி தட்டினார். “என்னல, ஒம் போன் கேம் வேல செய்யல.” மந்திரத்தைச் சொல்லிச் சொல்லித் தட்டுங்கள் என்றேன். என்னை முறைத்துவிட்டுச் சொன்னார். வாய்விட்டே சொன்னார். பத்தாவது மணி முடிந்து ஆள் சடாரென்று மேலே ஏறினான்.

“ஏலே, நில்லுல. பத்து முடிஞ்சா பிதாவுக்கும் சுதனுக்கும் சொல்லாண்டாமா? பாதியில விட்டுட்டு ஏறுதான். எவன்ல இவன், சபையில இல்லாதவனா?”

அவர் சொன்னது சரி. பத்து மணியின் கடைசியில் அந்த மகிமை மந்திரத்தைச் சொல்லாமல் எழுந்திருக்க எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் வாய் வராது. அதைக்கூட மறந்து செய்திருக்கிறேன். மாற்றித் தருகிறேன் என்றேன். மச்சானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நிற்காமல் ஏறினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்டு, வேண்டுமென்றே நேராக மேலே ஏறினார். ஆட்டம் முடிந்தது. கரை வந்தது. காலை இழுத்துக்கொண்டு அந்த ஆள் நடந்து போனான்.

மச்சான் அவன் கரையின் ஓரம்வரை போகிறதைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“இது நீதான?”

“ஆமா மச்சான்.”

அவர் போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்காததால் தரையில் வைத்துவிட்டு, சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். சாப்பாட்டுக்கும் வரவில்லை. எனக்கு வருத்தத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. ஒரு படத்தைப் பார்க்க முடியாதவர் நிஜத்தை எப்படித் தாங்குவார்? அக்காவை எப்படி வைத்துக்கொள்வார்? மகிமையைச் சேர்த்துவிட்டு, திருத்திய கோப்பை அவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. அந்த வாரம் முழுவதும் என்னோடு பேசவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், படகில் கம்ப்ரசர் பக்கம் உட்கார்ந்து டியூப் பார்க்கிறவர் ஜெராக்ஸ் எடுக்கச் சென்டருக்கு வந்தார். வயதில் என்னைவிட மூத்தவர். வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை.

“ஒன் வெளாட்ட எல்லாரும் போன்ல ஏத்திட்டானுவ. படகுல போகும்போது ஒரே மந்திரச் சத்தம். தேர் திருநாளு மாதிரி இருக்கு.”

“மச்சான்?”

“நாளைக்கு வா. நீயே பாரு.”

கால் போனதற்குப் பிறகு நான் படகில் ஏறியதில்லை. ஏறுவதற்கே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. மச்சான் என்னைப் பார்த்தார், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தெர்மல் மின்நிலையத்துப் புகைக்கூண்டுகள் சின்னதாகும் தூரம் போனதும் எஞ்சினை நிறுத்தினார்கள். மச்சான் ஈயத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினார். டியூப் சுருள் பிரிந்து பிரிந்து தண்ணீருக்குள் போனது.

மேலே இருந்து பார்க்கிறவனுக்குக் குமிழி மட்டும்தான் தெரியும். அது அவர் போகிற பக்கம் எல்லாம் போகும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் குமிழி கயிற்றுப் பக்கம் வந்தது. டியூப் தளரத் தொடங்கியது. டியூப் பார்க்கிற பெரியவர் அதைக் கைக்கு மேல் கையாக இழுத்துச் சுருட்டினார். ஏறுகிறார் என்று அர்த்தம். பெரியவர் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கை நின்றது. டியூப் அப்படியே கிடந்தது. குமிழி கயிற்றைச் சுற்றி ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தது.

“நிக்கான்” என்றார் பெரியவர்.

கீழே இருந்த நாட்களில் எனக்குத் தெரியாதது ஒன்று அன்றைக்குத் தெரிந்தது. நிற்கிறவனைவிட மேலே இருந்து பார்க்கிறவனுக்குத்தான் அந்த நேரம் நீளம். அவ்வளவு நீளமாக இருந்தும் அது இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்றே நான் வேண்டிக்கொண்டேன். நீண்டது. குமிழி மெதுவாகப் பெரிதாகி மச்சானின் தலை தெரிந்தது. மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பையைப் படகுக்குள் போட்டார். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

“ஒப்புக்கு வந்தவனுக்கு என்னல அழுகை?” என்றார் மச்சான். பிறகு குரலைத் தாழ்த்தி, “தோள இந்தச் சனிக்கெழம டாக்டர்கிட்ட காட்டுவோம். ஒங்கக்காட்ட சொல்லிராத” என்றார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் இன்னும் கரையில் சங்கு பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அடுக்களையில் நின்று மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். நான் படகில் போன விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“அவிய நின்னாவளா?”

“நின்னாவக்கா.”

அவள் கை அப்படியே நின்றது. எனக்குக் கால் போன நாளிலிருந்து, மச்சான் கடலுக்குப் போகிற நாட்களில் அவர் வீடு திரும்பும்வரை அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மசாலாக் கையைக் கழுவக்கூட இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.